குழந்தைகளின் குடல் நோய்களும் வேலூர் ஆய்வுகளும்

குழந்தைகளின் குடல் நோய் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது பேதி, வாந்தி, வயிற்றுவலி ஆகியவைதான். மருத்துவ ஆய்வில் இச்சொல்லின் பரப்பு இதைவிடப் பெரியது. சில நாள்களில் அடங்கிவிடும் வயிற்றுப்போக்கு ஒரு வகை. வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் குடலின் உட்பரப்பைக் கெடுத்து வளர்ச்சியைக் குன்றச் செய்வது இரண்டாவது வகை. ஆண்டுக்கணக்கில் தொடரும் குடல் அழற்சி நோய்கள் மூன்றாவது வகை. இவற்றுள் முதல் இரண்டைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி நம் தமிழ்நாட்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்தது. பாடப்புத்தகங்களில் இச்செய்தி இடம்பெறுவதில்லை என்பதால் மாணவர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் பதினோரு மாதத் தம்பி ஒருவன் பேதியில் இறந்தான். மூன்று நாள் கண்ட நோய். முதல் நாள் தொக்கம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் குடல் தட்டினார்கள். அவன் தண்ணீருக்காக வாயைத் திறந்து திறந்து மூடியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "தண்ணி குடுக்காத, குடுத்தா அதுவும் சேந்து போகும்" என்று அப்பத்தா அம்மாவைத் தடுத்துவிட்டார். உச்சிக்குழி பள்ளமாகிவிட்டதைக் கண்டு அதில் விளக்கெண்ணெய் வைத்தார். அப்பத்தா கொடுமைக்காரர் அல்லர். அவனுக்காக அதிகம் அழுதவரும் அவரே. உடலில் நீர் வற்றியதால்தான் உச்சிக்குழி பள்ளமானது என்று சொல்லித்தர அன்று எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் இல்லை. செம்பட்டி வட்டாரத்தில் நான் ஆசிரியராக இருந்த காலத்திலும் இதே பேச்சைப் பெற்றோர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

குடலின் உட்பரப்பு

சிறுகுடலின் உள்பக்கம் வழவழப்பான குழாய் அன்று. தேங்காய்ப்பூத் துண்டைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். அதன் நூல் இழைகளைப் போல எண்ணற்ற நுண்ணிய நீட்சிகள் குடலின் உள்ளே நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றைக் குடலுறிஞ்சிகள் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். செரித்த உணவும் நீரும் உப்பும் இரத்தத்தில் சேர்வது இவற்றின் வழியாகத்தான். இழைகள் தேய்ந்த துண்டு ஈரத்தை உறிஞ்சாது; குடலும் அப்படியே.

வேலூரில் செல்வின் பேக்கர் தலைமையில், வெல்கம் அறக்கட்டளையின் உதவியுடன் இயங்கிய ஆய்வகம் முதலில் எடுத்துக்கொண்டது வெப்பமண்டல ஸ்புரூ என்ற நோயை. நீண்ட நாள் பேதி, உடல் மெலிவு, இரத்தச்சோகை என வந்து, பெரும்பாலும் பெரியவர்களைத் தாக்கும் நோய் அது. 1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் இது கொள்ளைநோய் போலப் பரவியது. பேக்கரும் வி.ஐ.மாத்தனும் ஊர் ஊராகச் சென்று அதைப் பதிவு செய்தனர். இன்று அந்நோய் அரிதாகிவிட்டது. ஆனால் அந்த ஆய்வின்போது கிடைத்த வேறொரு செய்திதான் பின்னாளில் பெரிதாயிற்று.

நோயாளிகளின் குடலோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர்களின் குடலையும் அவர்கள் பரிசோதிக்க வேண்டியிருந்தது. மேலைநாட்டுப் புத்தகங்களில் குடலுறிஞ்சிகள் விரல் வடிவில் உயரமாக இருக்கும். இங்கே நல்ல உடல்நலத்துடன் நடமாடியவர்களின் குடலிலோ அவை இலை வடிவில் அகன்று, குட்டையாகக் காணப்பட்டன. அப்படியானால் இது நம் இனத்தின் இயல்பா? அதற்கும் வேலூரிலேயே விடை தேடினார்கள். 1969-இல் வெளியான ஆய்வொன்றில், பிறக்கும் முன்போ பிறந்த உடனோ இறந்த சிசுக்களின் குடலைப் பார்த்தபோது, அங்கே குடலுறிஞ்சிகள் உலகில் எங்கும் உள்ளதைப் போல விரல் வடிவிலேயே இருந்தன. பிறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் ஒரே குடல்தான். பிறந்த பின் வாய்வழியே போகும் தண்ணீர், மண், கிருமி ஆகியவை அதை மாற்றிவிடுகின்றன. அதே காலத்தில், கிழக்குப் பாகிஸ்தானில் தொண்டு செய்ய வந்த அமெரிக்க இளைஞர்களின் குடலும் இங்கே தங்கியிருந்தபோது இவ்வாறே மாறியது என்றும், நாடு திரும்பிய பின் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது என்றும் வேறோர் ஆய்வுக் குழு கண்டது. குறை பிறப்பில் இல்லை, சுற்றுப்புறத்தில்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சக்கர வடிவக் கிருமி

1973-க்கு முன், பேதியோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு என்ன கிருமியால் நோய் வந்தது என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் அறிவியலாளரும் அவர் குழுவினரும், பேதி கண்ட குழந்தைகளின் முன்சிறுகுடலிலிருந்து எடுத்த சிறு திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து ஒரு வைரஸைக் கண்டனர். வண்டிச் சக்கரம் போன்ற உருவம். சக்கரத்துக்கு இலத்தீனில் ரோட்டா என்று பெயர். அதுவே கிருமியின் பெயருமாயிற்று.

ரோட்டா வைரஸ் குடலுறிஞ்சிகளின் நுனியில் உள்ள செல்களைத் தாக்குகிறது. உறிஞ்சும் வேலை நின்றுபோவதால் நீர் அப்படியே வெளியேறுகிறது. கூடவே வாந்தியும் காய்ச்சலும். ஐந்து வயதுக்குள் இக்கிருமி நுழையாத குழந்தை உலகில் இல்லை என்றே சொல்லலாம், பணக்கார நாடாயினும் சரி, ஏழை நாடாயினும் சரி. ஆனால் சாவு மட்டும் ஏழைக் குழந்தைக்கே மிகுதி. இந்தியாவில் தடுப்பு மருந்து வருமுன், பேதிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்குக் காரணம் இக்கிருமி. ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகள் இதனால் இறந்ததாக 2014-இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று கூறுகிறது.

மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து கவனித்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு நம்பிக்கை தந்தது. இரண்டு முறை ரோட்டா தொற்று வந்துபோன குழந்தைக்குப் பிறகு கடுமையான நோய் வரவேயில்லை. ஆக, இரண்டு முறை சொட்டு மருந்து கொடுத்தால் போதும் என்று எண்ணத் தோன்றும். நம் ஊரிலும் அப்படித்தானா என்று பார்க்க முனைந்தவர் வேலூரின் ககன்தீப் காங்.

அவருடைய குழு 2002-இல் வேலூர் நகரின் ராமநாயக்கன்பாளையம், சின்னல்லாபுரம், கஸ்பா ஆகிய நெரிசலான பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பதிவு செய்தது. களப்பணியாளர்கள் வாரம் இருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போவார்கள். குழந்தைக்குப் பேதி உண்டா இல்லையா என்று கேட்டு எழுதுவார்கள். பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலமாதிரி எடுப்பார்கள். இப்படி மூன்று ஆண்டுகள்! ஆய்வு என்றால் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவையும் என்று மாணவர்கள் எண்ணுகிறார்கள். கொளுத்தும் வேலூர் வெயிலில் பனிக்கட்டிப் பெட்டியும் சிறு டப்பாவுமாகச் சந்து சந்தாக நடந்த பெண்களின் கால்களில்தான் இந்த ஆய்வு நின்றது.

373 குழந்தைகள் மூன்றாண்டும் முழுமையாகத் தொடர்ந்தனர். முடிவு 2011-இல் வெளியானது. ஆறு மாதம் முடிவதற்குள்ளேயே நூற்றுக்கு 56 குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிட்டது. மறுபடி மறுபடி வந்தது. மூன்று தொற்றுகளுக்குப் பிறகும்கூட, நடுத்தரம் அல்லது கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடுதான். மெக்சிகோக் குழந்தைக்கு இரண்டு முறை வந்தாலே கிடைத்த முழுப் பாதுகாப்பு வேலூர்க் குழந்தைக்கு மூன்று முறை வந்தும் கிடைக்கவில்லை. இயற்கைத் தொற்றுக்கே இப்படியென்றால் தடுப்பு மருந்து இங்கே என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. ககன்தீப் காங் 2019-இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் அறிவியலாளர் ஆனார்.

116-ஈ: நோய் தராத ஒரு வைரஸ்

1980களின் நடுவில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில், பிறந்த குழந்தைகள் பிரிவில் ரோட்டா வைரஸ் பரவியது. ஆனால் அந்தச் சிசுக்களுக்குப் பேதியே இல்லை. குழந்தை மருத்துவர் எம்.கே.பான் இதை விட்டுவிடவில்லை. கிருமி நுழைந்தும் நோய் வராத சிசுக்கள் பின்னாளில் கடுமையான பேதியிலிருந்து தப்பின. மனித வைரஸில் மாட்டு வைரஸின் ஒரு மரபுக்கூறு இயற்கையாகவே கலந்து உண்டான கிருமி அது. அதற்கு 116-ஈ என்று பெயரிட்டனர். பெங்களூரில் கிடைத்த ஐ-321 என்ற இன்னொரு வைரஸும் மருந்தாகும் தகுதிக்குச் சோதிக்கப்பட்டது, அது தேறவில்லை.

116-ஈ வைரஸை வைத்து ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்தை உருவாக்கியது. தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் 6,799 குழந்தைகளிடம் மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் திரவம் என்று மருத்துவருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. 2014-இல் முடிவு வந்தது: கடுமையான ரோட்டா பேதியை முதல் ஆண்டில் 56.4 விழுக்காடு தடுக்கிறது. நூற்றுக்கு 56 எடுத்த மாணவனை நான் பாராட்டியும் இருக்கிறேன், கடிந்தும் இருக்கிறேன். இங்கே பாராட்டுவதே சரி. ஏனெனில் இதே நோய்க்கான வெளிநாட்டு மருந்துகளும் ஐரோப்பாவில் மிக உயர்ந்த பலன் தந்துவிட்டு, ஆசிய ஆப்பிரிக்க ஏழை நாடுகளுக்கு வந்தபோது பாதியளவுக்கே பலன் தந்தன. சாவு எண்ணிக்கை பெரிதாக உள்ள இடத்தில் பாதியைத் தடுப்பதே பல்லாயிரம் உயிர்.

2016 மார்ச்சில் ஒடிசா, ஆந்திரம், அரியானா, இமாச்சலம் ஆகிய நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017 செப்டம்பரில் வந்தது. குழந்தையின் 6, 10, 14-ஆம் வாரங்களில் வாய்வழியே கொடுக்கிறார்கள். ஆத்தூர், நிலக்கோட்டை வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிராம சுகாதார செவிலியர் வரும் நாளில் அங்கன்வாடியிலும் காசில்லாமல் கிடைக்கும்.

இம்மருந்தைப் பற்றி ஓர் அச்சமும் இருந்தது. அதை மறைப்பது நேர்மையன்று. 1999-இல் அமெரிக்காவில் வேறொரு ரோட்டா மருந்து, குடல் செருகல் என்ற ஆபத்தான நிலையைச் சில குழந்தைகளுக்கு உண்டாக்கியதால் திரும்பப் பெறப்பட்டது. குடலின் ஒரு பகுதி தொலைநோக்கியின் குழாய் போல அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வதே குடல் செருகல். ரோட்டாவாக் சோதனையில் வேலூர் மையத்தின் கணக்கைத் தனியே வெளியிட வேண்டும் என்று கேட்டு நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. மருந்து நாடெங்கும் பரவத் தொடங்கியபின், 2016 முதல் 2019 வரை 27 மருத்துவமனைகளில் குடல் செருகலோடு வந்த குழந்தைகளைக் கணக்கெடுத்து ஆராய்ந்தனர். மருந்து கொடுத்த அடுத்த நாள்களில் இந்நிலை கூடவில்லை என்று 2020-இல் முடிவு வெளியானது. கேள்வி கேட்டவர்களைத் திட்டுவது சிலருக்கு வழக்கம். கேள்வி எழுந்ததால்தான் கணக்கு இவ்வளவு கவனமாக எடுக்கப்பட்டது என்பது என் கருத்து.

சொட்டு மருந்து நம் குடலில் ஏன் சரியாகப் பிடிப்பதில்லை?

இக்கேள்வியை முதலில் எழுப்பியதும் வேலூர்தான். 1970களில் அங்கே டி.ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்த குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார். மேலைநாடுகளில் மூன்று தவணையில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். வேலூரில் பலருக்கு வரவில்லை. அப்படியானால் தவணைகளைக் கூட்ட வேண்டும், ஊர் முழுவதும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். பின்னர் நாம் வரிசையில் நின்ற போலியோ முகாம்களின் கருத்து அதுதான். பள்ளி வகுப்பறையில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பெயர் எழுதியிருக்கிறேன். ஏன் இத்தனை முறை என்று கேட்ட தாய்மார்களுக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை.

தாய்ப்பாலிலும் தாயின் இரத்தத்திலும் வரும் எதிர்ப்பொருள் மருந்துக் கிருமியை முன்பே அழித்துவிடலாம். குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு கிருமிகள் இடையூறு செய்யலாம். ஊட்டக்குறைவும் ஒரு காரணமாகலாம். இரண்டாவது காரணத்தைச் சோதிக்க வேலூரில் ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2016-இல் வந்தது. 754 குழந்தைகளில் பாதிப் பேருக்கு முதலில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்தனர். பிறகு போலியோ சொட்டு கொடுத்தனர். பாக்டீரியா குறைந்தது உண்மை. ஆனால் சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை. எதிர்பார்த்தது பொய்த்த ஆய்வையும் அப்படியே வெளியிட்டார்கள். இல்லாவிட்டால் இதே எண்ணத்தில் எத்தனை ஊர்க் குழந்தைகளுக்கு வீண் ஆன்டிபயாட்டிக் போயிருக்குமோ!

பேதி இல்லாமலே நோய்

ஒரு ஆசிரியராக என்னை அதிகம் உறுத்தும் பகுதி இது. 2009 முதல் 2014 வரை வேலூர், டாக்கா, நேபாளத்தின் பக்தபூர் உள்ளிட்ட எட்டு நாடுகளின் எட்டு இடங்களில் மால்-எட் என்ற கூட்டாய்வு நடந்தது. பிறந்தது முதல் இரண்டு வயது வரை குழந்தைகளின் உணவு, மலம், உயரம், எடை அனைத்தையும் பதிவு செய்தனர். பேதி வரும் நாள்களில்தான் வளர்ச்சி தடைப்படுகிறது என்று அதுவரை நம்பியிருந்தோம். ஆனால் பேதியே இல்லாத நாள்களிலும் ஷிகெல்லா, கேம்பிலோபேக்டர், ஜியார்டியா, ஒருவகை ஈகோலி ஆகிய கிருமிகள் குழந்தையின் குடலில் குடியிருந்தன. அவை இருந்த குழந்தைகள் உயரத்தில் பின்தங்கினர். பேக்கர் பார்த்த அதே இலை வடிவக் குடலுறிஞ்சிகளின் கதைதான் இது. உணவு உள்ளே போகிறது, பாதி உறிஞ்சப்படுவதில்லை. குடல் ஓயாமல் கிருமிகளோடு போரிடுவதில் மீதிச் சத்தும் செலவாகிறது.

வேலூர்க் குழந்தைகளைப் பள்ளி வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, இரண்டு வயதில் வளர்ச்சி குன்றியிருந்தவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே செய்தனர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 25 குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். முன்வரிசையில் உட்கார வைக்கப்படும் குட்டையான பிள்ளைகள், இரண்டு முறை சொன்னால்தான் விளங்கிக்கொள்ளும் பிள்ளைகள்... அவர்களில் சிலரை மந்தம் என்று நான் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்தபின் அந்த முகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.

அப்படியானால் நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? இதையும் வேலூரில் சோதித்தார்கள். 176 குழந்தைகளில் ஒரு பகுதியினர் புட்டியில் அடைத்த சுத்தமான குடிநீரையும், மற்றவர்கள் நகராட்சித் தண்ணீரையும் குடித்தனர். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணித் தொற்று இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. குடிக்கும் தண்ணீர் ஒரு வழி மட்டுமே. கை, தரை, ஈ, கிண்ணம், கழுவாத தாய்விரல், திறந்த சாக்கடை என்று கிருமிக்கு வழிகள் பல. வங்காளதேசம், கென்யா, சிம்பாப்வே நாடுகளில் பெரிய அளவில் நடந்த ஆய்வுகளிலும் கழிப்பறை, கைகழுவல், தண்ணீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றை வீட்டளவில் கொடுத்ததால் மட்டும் உயரம் கூடவில்லை. இதைச் சொன்னால் "அப்ப கழிப்பறை வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் கட்டினால் போதாது, தெரு முழுவதற்கும் வேண்டும் என்பதே இதன் பொருளாக எனக்குப் படுகிறது. வாரக்கணக்கில் வராத தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து, அதில் சொம்பைக் கையோடு முக்கி எடுக்கும் நம் பக்கத்து வீடுகளில் சுத்தத்தைத் தாய் ஒருத்தியின் பொறுப்பாக மட்டும் ஆக்குவது நியாயமில்லை.

நீடித்த குடல் அழற்சி

குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகிய இரண்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. குரோன் நோயை 1932-இல் நியூயார்க் மருத்துவர்கள் விவரித்தனர். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவது இதன் அடிப்படை. முன்பு மேலைநாட்டு நோய் எனப்பட்ட இது இன்று இந்தியாவிலும் குழந்தைகளிடம் அறியப்படுகிறது. நம் நாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குடல் காசநோயும் குரோன் நோயும் குடலின் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் வரும். குரோன் நோய்க்குத் தரும் ஸ்டீராய்டைக் காசநோய்க்காரருக்குக் கொடுத்தால் கேடு. எனவே மருத்துவர்கள் பல நேரம் காசநோய் மருந்தை முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாரக்கணக்கில் மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் பேதி, எடை குறைதல், இரண்டு ஆண்டாக அதே சட்டை அளவு, ஆசனவாய்ப் பக்கம் ஆறாத புண் என்றால் சூடு என்றும் பூச்சி என்றும் தள்ளிப்போடாமல் குடல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தைகளின் குரோன் நோய்க்கு ஒரு வியப்பான சிகிச்சை உண்டு. ஆறு முதல் எட்டு வாரம் வேறு எதுவும் உண்ணாமல் தனியே தயாரித்த திரவ ஊட்டத்தை மட்டும் கொடுத்தால் பலருக்கு ஸ்டீராய்டு இன்றியே அழற்சி அடங்குகிறது. கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையாக வரும் ஒருவகைக்கு ஒற்றை மரபணுக் குறையே காரணம் என்று 2009-இல் கண்டனர். இரத்த உறவில் மணந்த குடும்பங்களின் குழந்தைகளில்தான் அது முதலில் பிடிபட்டது. மாமன் மகள், அத்தை மகன் என்று மணமுடிக்கும் நம் பக்கத்தில் இது கவனிக்க வேண்டியது. குருத்தணு மாற்றுச் சிகிச்சையால் அக்குழந்தைகளுள் ஒன்று நலம் பெற்றது.

கோதுமைப் புரதம் ஒவ்வாமல் குடலுறிஞ்சிகள் அழியும் சீலியாக் நோயைப் பற்றியும் ஒரு சொல். 2016-இல் வெளியான இந்திய ஆய்வில், அதற்குரிய மரபுக்கூறு வடக்கிலும் தெற்கிலும் ஒரே அளவில் இருந்தது. நோயோ வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல், தெற்கில் ஆயிரத்தில் ஒருவர். வேறுபாடு தட்டில் உள்ளது. அங்கே கோதுமை, இங்கே அரிசி. செம்பட்டி நால்ரோட்டில் மாலையானால் பரோட்டாக் கல் காயும் வேகத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் எத்தனை காலம் நிற்குமோ தெரியவில்லை.

உப்பும் சர்க்கரையும்

முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். என் தம்பிக்குக் கிடைத்திருக்க வேண்டியது இதுதான்.

பேதியில் குடல் உப்பை உறிஞ்சுவதை நிறுத்திவிடுகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தாலும் அதில் பெரும்பகுதி வெளியேறும். அப்பத்தா சொன்னதில் அந்த அளவு உண்மை இருந்தது. ஆனால் குடலில் இன்னொரு கதவு உண்டு. குளுக்கோஸ் மூலக்கூறு உள்ளே நுழையும்போது சோடியத்தையும் கைப்பிடித்து அழைத்துப் போகும். சோடியம் போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். பேதியின்போதும் இக்கதவு பெரும்பாலும் மூடுவதில்லை. 1960-இல் ராபர்ட் கிரேன் இந்த இணைப்பை விளக்கினார். கொல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953-லேயே வாய்வழிக் கரைசலால் காலரா நோயாளிகளைக் காப்பாற்றி எழுதியிருந்தும் உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்டு கேஷும் இக்கரைசலின் பலனை முறையாக நிறுவினர்.

1971-இல் வங்காளதேசப் போரின்போது எல்லையோரம் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு ஆகியவற்றைப் பொட்டலம் கட்டி, டிரம்களில் கரைத்து, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். சாவு நூற்றுக்கு 30 என்ற அளவிலிருந்து 4-க்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது வந்தது.

இதிலும் வேலூர் ஒரு படி சேர்த்தது. பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் கூட்டாளிகளும் கரைசலோடு எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்து 48 காலரா நோயாளிகளிடம் சோதித்தனர். 2000-இல் முடிவு வெளியானது. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து உண்டாக்கும் அமிலங்கள், பெருங்குடலும் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகின்றன. பேதி விரைவில் குறைந்தது. வேகவைத்து ஆறிய சோற்றிலும் இவ்வகை மாவுச்சத்து ஓரளவு உண்டு என்பதைப் பழைய சோற்றுப் பிரியர்கள் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம். ஆனால் பேதி கண்ட கைக்குழந்தைக்குப் பழைய சோற்றுத் தண்ணீரை ஊட்டிவிடக் கூடாது.

இப்போதைய கரைசலில் ஒரு லிட்டருக்குச் சமையலுப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். பெரிய பொட்டலத்தை முழுவதுமாகக் கொதித்தாறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் தூவிக் கலக்கிக் கொடுப்பதைத்தான் நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். உப்பு கூடினாலும் குறைந்தாலும் கேடு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால் மெல்ல மெல்லக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது நம்மவர் வழக்கம்; 14 நாளும் கொடுக்க வேண்டும். குழந்தை துவண்டு கிடந்தால், கண் குழிவிழுந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், கரைசலையும் ஊட்டிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

கடையில் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு போதாது. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் வரக்கூடாது என்று உத்தரவிட்டது. செம்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடை ஒன்றில் போன மாதம் நான் ஓ.ஆர்.எஸ். கேட்டபோது, "ஆரஞ்சா ஆப்பிளா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத்தான் முதலில் நீட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்ட தூள் பொட்டலம் வேண்டும் என்றேன். கீழ் அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.